ஆர் 102 நெடுஞ்சாலையா, தெருவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் என்று நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிற பழைய சாலைதான் ஆர் 102. இந்தச் சாலையை ஊருக்குள் தெருவாகவும் ஊருக்கு வெளியே ஒழுங்கான நெடுஞ்சாலையாகவும் பிரித்து மாற்றி அமைக்க வேண்டும் என்று சிலர் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். கோயில் வாசலில், வார்டு கூட்டத்தில், வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் டோங்காட்வாசி, அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் இந்த ஊரிலிருந்துதான் வரும்.

முதலில், இந்தச் சாலையில் என்னதான் பிரச்சினை?

ஒரே தார்ச்சாலை இரண்டு வேலை பார்க்கிறது. ஸ்டாங்கரிலிருந்து டர்பனுக்கு விரைந்து போகிறவருக்கும் அதுதான் வழி, எதிர்க்கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போகிற ஆயாவுக்கும் அதுதான் வழி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். வேகமாகப் போக வந்தவர் ஒவ்வொரு கடை வாசலிலும் பிரேக் போடுகிறார், நடந்து போக வந்தவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடுகிறார்.

நாட்டுக் கணக்கைப் பார்த்தால் வயிறு கலங்கும். தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர் சாலையில் சாகிறார்கள், அதில் பத்துக்கு நான்கு பேர் நடந்து போனவர்கள். காரே ஓட்டாதவர்கள்.

நெடுஞ்சாலைக்கும் தெருவுக்கும் என்ன வித்தியாசம்? அகலமா?

அகலம் இல்லை, வேலை. நெடுஞ்சாலை ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைக்கிறது, அதில் வாசல் திறக்கக் கூடாது, வண்டி நிறுத்தக் கூடாது, ஆள் குறுக்கே வரக் கூடாது. எவ்வளவுக்கு எவ்வளவு குறுக்கீடு குறைகிறதோ அவ்வளவுக்கு அது நல்ல நெடுஞ்சாலை. தெரு நேர் எதிர். கடை, வீடு, கோயில், பள்ளி எல்லாவற்றுக்கும் வாசல் அங்கேதான், நிற்பதும் பேசுவதும் வாங்குவதும் அங்கேதான், வண்டிதான் விருந்தாளி.

இது நான் கண்டுபிடித்த பாகுபாடு இல்லை. நம் நாட்டு அரசுப் பொறியாளர்களே வைத்திருக்கும் கையேடு ஒன்று உண்டு, டிஆர்எச் 26 என்று பெயர், 2012-ல் வந்தது. அது 1 முதல் 3 வரையுள்ள வகுப்புச் சாலைகளைப் பயணத்துக்கு என்றும், 4, 5-ஐ வாசலுக்கும் ஊர் நடமாட்டத்துக்கும் என்றும் பிரிக்கிறது. நகருக்குள் இருக்கும் 3-ஆம் வகுப்புச் சாலையில் சந்திப்புகள் சுமார் 600 மீட்டருக்கு ஒன்று இருந்தால் போதும் என்பது அதன் கணக்கு. டோங்காட் மெயின் ரோட்டில் 600 மீட்டர் நடந்து பாருங்கள், எத்தனை கடை வாசல், எத்தனை சந்து, எத்தனை பார்க்கிங் நுழைவு என்று எண்ணுங்கள். எந்த வகுப்பு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

60 என்று பலகை வைத்திருக்கிறார்களே, மதித்து ஓட்டினால் போதாதா?

மதித்து ஓட்டினாலும் போதாது, அதுதான் கொடுமை. கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்கு மாற்ற ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல டயர். 40 கி.மீ. வேகத்தில் வருகிற கார் மொத்தம் 26 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வருகிற கார் நிற்க 45 மீட்டர் வேண்டும். 80-ல் வந்தால் கிட்டத்தட்ட 69.

இப்போது 26 மீட்டர் தூரத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை ஓடிவருகிறது. 40-ல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நின்று விடுகிறார், நெஞ்சு படபடக்க. 60-ல் வந்தவர், சட்டத்தை ஓர் இம்மி மீறாதவர், பிரேக்கில் கால் வைக்கும்போதே 25 மீட்டர் போயிருக்கிறார். மோதும்போது வேகம் ஏறக்குறைய அதே 60. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சாலையை அப்படி அமைத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், பலகையை யாரும் பார்த்து ஓட்டுவதில்லை, சாலையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். நேராக, அகலமாக, இரண்டு பக்கமும் திறந்து கிடந்தால் கால் தானாக அமுங்கும். நீங்களும் நானும் உள்பட.

என் 2 (N2) தேசிய நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறதே! அப்புறம் ஏன் லாரியெல்லாம் ஊருக்குள் வருகிறது?

முக்கியக் காரணம் சுங்கச்சாவடி. என் 2-ல் டோங்காட்டில் ஒன்று, அதற்கு வடக்கே ம்வோட்டியில் ஒன்று. கட்டணம் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களுக்கு ஆர் 102 இலவச வழி. தனி ஆளைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் வாங்கிப் பிழைக்கிற குடும்பத்துக்கு மாதாமாதம் அது பெரிய பணம். ஆனால் 22 மீட்டர் நீளம், 56 டன் எடை வரை சட்டம் அனுமதிக்கிற இரட்டை டிரெய்லர் லாரியும் அதே வழியில் வரும்போது பேச்சு வேறு. தூரம் போகிற சரக்கு லாரி ஊர்ச் சாலையில் வரக் கூடாது என்று தடை போடலாம், போட வேண்டும்.

2010 மே மாதம் கிங் ஷாகா விமான நிலையம் லா மெர்சியில் திறந்ததும் இன்னொரு காரணம். அதைச் சுற்றிக் கிடங்குகள் வந்தன, வேலை வந்தது, நல்லதுதான். அதோடு வண்டிகளும் வந்தன.

கரும்பு லாரி? ஆலை இங்கேதானே இருக்கிறது?

ஆமாம், மெய்ட்ஸ்டோன் ஆலை ஊரோடு ஒட்டி இருக்கிறது, அதை யாரும் நகர்த்தப் போவதில்லை. இந்தக் கரையில் முதலில் தோட்டம் வந்தது, 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் கரும்பு வெட்டினார்கள், வரிசை வீடுகளும் கோயிலும் கடையும் பழைய சாலை ஓரமாக முளைத்தன. ஊரே அப்படி உண்டானதுதான். கரும்பை ஒழித்துவிட்டு ஊரை அமைக்க முடியாது.

ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை வெட்டுக் காலத்தில் சாலை ஓரத்தைப் பாருங்கள், லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டுகள் நசுங்கி, சாறு காய்ந்து, தார் வழவழப்பாக இருக்கும். மழைத் தூறல் விழுந்தால் மோட்டார் சைக்கிள்காரர் பாடு அதோகதி. ஆலைக்கு என்று ஒரு வழியைத் தீர்மானித்து, அதை மட்டும் கனரக வண்டிக்குப் பலமாகக் கட்டி, பள்ளி விடும் நேரத்தில் லாரி ஓடாமல் நேரம் ஒதுக்கினால் பாதிச் சிக்கல் தீரும். முழுதும் தீராது.

சரி, ஊருக்குள் தெருவாக மாற்றுவது என்றால் கண்ணுக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் "தெருவாக்குவது" என்றதும் சாலையை மூடிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மூடுவதில்லை. வண்டி போகும், பஸ் போகும், மெதுவாகப் போகும்.

ஊர் எல்லையில் ஒரு ரவுண்டானா. அங்கே யாராக இருந்தாலும் வேகம் குறைத்துத்தான் திரும்ப முடியும், போலீஸ் நிற்க வேண்டியதில்லை, மின்சாரம் போனாலும் வேலை செய்யும். லோட்ஷெடிங் காலத்தில் ரோபோ (டிராஃபிக் சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) அணைந்த சந்திப்புகளில் நாம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? நடு வட்டத்தின் விளிம்பைத் தாழ்வாகக் கட்டினால் நீள லாரியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறித் திரும்பிக்கொள்ளும்.

ரவுண்டானாவைத் தாண்டியதும் தடம் குறுகும். விரைவுச் சாலையில் ஒரு தடம் 3.7 மீட்டர், ஊருக்குள் 3 மீட்டர், பஸ் அதிகம் ஓடும் இடத்தில் 3.3 இருந்தால் தாராளம். மிச்சமாகிற இடம் நடைபாதைக்கு, மரத்துக்கு, கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த. தெருமுனையில் விளிம்புக்கல்லை வளைவாக விடாமல் கூர்மையாக இழுத்துக் கட்டினால் திரும்புகிற கார் ஊர்ந்துதான் திரும்பும்.

குறுக்கே நடக்கும் இடத்தில்தான் உயிர் இருக்கிறது. இப்போது நான்கு தடம், 14 மீட்டர் அகலம். வயதான ஒருவர் வினாடிக்கு ஒரு மீட்டர் நடப்பார் என்றால் 14 வினாடி. அதற்குள் 60-ல் வருகிற கார் 230 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரத்துக்குச் சாலை இரு பக்கமும் காலியாக இருந்தால்தான் அவர் நிம்மதியாகக் கடக்க முடியும், மாலை ஐந்து மணிக்கு அப்படி ஒரு காலி எங்கே கிடைக்கும்? நடுவில் ஒரு திட்டு போட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே தடம் வைத்தால் அவர் ஒரு நேரத்தில் கடக்க வேண்டியது 3 மீட்டர், மூன்று வினாடி, 40-ல் வருகிற காருக்கு 33 மீட்டர். ஒரே தெரு, அதே ஆள். இருநூறு மீட்டர் இடைவெளிக்காகக் காத்து நின்றவர் முப்பது மீட்டர் இடைவெளியில் கடந்துவிடுகிறார். அந்தக் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டால் சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் இறங்கி ஏறாமல் போகும், காருக்கு அதுவே வேகத்தடை.

அப்போ வேலைக்குப் போகிறவர்கள் கதி? ஏற்கெனவே அரை நாள் சாலையிலேயே போகிறது.

ஊருக்குள் இந்தப் பகுதி இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் ஓட்டினால் 2 நிமிடம், 40-ல் ஓட்டினால் 3 நிமிடம். ஒரு நிமிடம்தான் வித்தியாசம், அதுவும் ஒரு சிவப்பு ரோபோவில்கூட நிற்காமல் 60-ல் பறந்தால்! நிஜத்தில் காலையில் யாரும் அங்கே 60-ல் போவதில்லை, ஒரு ரோபோவிலிருந்து அடுத்த ரோபோ வரை பாய்ந்து போய் நிற்கிறோம்.

நேரத்தைத் தின்பது சந்திப்புகள். விரைவுச் சாலையில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 2,000 வண்டிகளை விடும், ரோபோ இருக்கும் இடத்தில் பச்சை பாதி நேரம்தான் எரியும் என்பதால் அதில் பாதிகூடத் தேறாது. அதனால் ரோபோக்களுக்கு நடுவே இன்னொரு தடம் சேர்ப்பது வரிசையை அகலமாக்கும், வேகமாக்காது.

ஊருக்கும் ஊருக்கும் நடுவே என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

அங்கே நான் முழுக்க நெடுஞ்சாலைப் பக்கம். கரும்புக் காட்டுக்கு நடுவே போகிற சாலையில் 40 என்று பலகை வைத்து ஆட்களைக் கோபப்படுத்துவதில் அர்த்தமில்லை. வேகமாகப் போகட்டும். ஆனால் புதிதாக வருகிற கிடங்குக்கும் பெட்ரோல் பங்குக்கும் வீட்டு மனைக்கும் நேரடி வாசல் கொடுக்கக் கூடாது. ஓரமாக ஓர் அணுகுசாலை, அதில் எல்லா வாசலும், அது ஒரே ஓர் இடத்தில் ரவுண்டானாவில் வந்து சேரட்டும். எதிரும் புதிருமாக வண்டி மோதும் இடங்களில் நடுவே தடுப்பு. பஸ்ஸும் டாக்ஸியும் (பலர் சேர்ந்து போகிற மினிபஸ்) நிற்கச் சாலையை விட்டு விலகிய நிறுத்தம், அதற்கு வந்து சேர வெளிச்சமுள்ள நடைபாதை. எவ்வளவு நெடுஞ்சாலை என்றாலும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

இதில் ஒரு அவசரம் இருக்கிறது. ஒரு வாசலுக்கு அனுமதி கொடுத்துவிட்டால் பிடுங்க முடியாது. விமான நிலையத்தைச் சுற்றி நிலம் ஒவ்வொரு துண்டாக மாறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குக் கவனிக்காவிட்டால் பத்து வருடத்தில் வெருலமிலிருந்து டோங்காட் வரை முழுவதும் கடைத்தெரு மாதிரி ஆகி, அதில் லாரி பறக்கும்.

வண்டி குறைந்தால் வியாபாரம் படுத்துவிடாதா?

கடைக்காரர்களின் இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிற என் 3 (N3) நெடுஞ்சாலையை டி பீர்ஸ் கணவாய் வழியாகத் திருப்பத் திட்டமிட்டபோது, அந்த வழியில் இருக்கும் ஹாரிஸ்மித் ஊர் மக்கள் ஊர் செத்துப்போகும் என்று கொதித்தெழுந்து எதிர்த்தார்கள். அங்கே ஊரின் பிழைப்பே வழிப்பயணிகளின் பெட்ரோலும் சாப்பாடும்தான், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

நம் ஊர்கள் வேறு. தொலைதூர வண்டி என் 2-க்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, கடைகள் அதற்காகச் சாகவில்லை. மசாலாக் கடைக்கும் புடவைக் கடைக்கும் பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) கடைக்கும் வருகிறவர்கள் சுற்றுவட்டார ஆட்கள், டாக்ஸியில் வந்து இறங்கி நடக்கிறவர்கள். 60-ல் போகிற லாரிக்காரர் காய்ந்த மிளகாய் வாங்க நிற்கப் போவதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும்: கட்டுமான வேலை. மாதக் கணக்கில் கடை முன்னால் தோண்டிப் போட்டால் சின்னக் கடை தாங்காது. துண்டு துண்டாக, தீபாவளிக்கு முந்தின வாரங்களைத் தவிர்த்து, வேலையை முடிக்க ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

நடைமேம்பாலம் கட்டிவிட்டால் எல்லாம் முடிந்ததே?

நெடுஞ்சாலை மேல் கட்டுங்கள், சரி. தெருவின் மேல் கட்டாதீர்கள். எதிரே பத்து மீட்டரில் தெரிகிற கடைக்குப் போக, கையில் இரண்டு பையோடு முட்டி வலியோடு மாடி ஏறி இறங்கச் சொல்வது என்ன நியாயம்? இருட்டின பிறகு, இரண்டு முனையும் அடைபட்ட பாலத்தில் தனியாக ஒரு பெண் போவாளா? நம் நாட்டு நிலைமை நமக்குத் தெரியும். போக மாட்டாள், கீழே ஓடுவாள்.

டாக்ஸிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா?

அவர்களை எதிரியாக வைத்துப் பேசினால் எதுவும் நடக்காது. கார் இல்லாத அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள்தான். விரலைக் காட்டினால் எங்கேயும் நிற்கிறார்கள், ஏனென்றால் நிற்க ஓர் இடம் யாரும் கட்டித் தரவில்லை. ஆட்கள் உண்மையிலேயே ஏறி இறங்கும் இடம் எது என்று முதலில் பார்த்து, அங்கே நிழலோடு நிறுத்தம் கட்டினால் அவர்களுக்கும் லாபம். வரைபடத்தில் அழகாக இருக்கிறதென்று அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கட்டினால் காலியாகத்தான் கிடக்கும்.

காவடி, தேர் எல்லாம்?

இன்னும் சுலபமாகும். தைப்பூசத்தன்று வெறுங்காலோடு காவடி எடுத்து வருகிறவர்களுக்குப் பக்கத்தில் லாரி உரசிக்கொண்டு போவதை எத்தனை வருடம் பார்ப்பது? ஒரு தெருவைச் சில மணி நேரம் அடைக்கலாம், மாகாண நெடுஞ்சாலையை அடைக்க அனுமதி வாங்கி மாளாது.

ஆம்புலன்ஸ் தாமதமாகுமே?

உயர்த்திய கடவையில் சில வினாடி போகும். நடுத்திட்டை ஏறிப் போகிற மாதிரித் தாழ்வாகக் கட்டினால் நெரிசலைத் தாண்டி அதைவிட அதிகம் மிச்சமாகும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஹிக்கின்சன் நெடுஞ்சாலைக்கும் (எம் 1) இதேதானா?

இல்லை, அங்கே நான் வேறு விதமாகச் சொல்வேன். சாட்ஸ்வொர்த் 1960-களில் இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் நம் மக்களைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம். அந்தக் காலத் திட்டக்காரர்கள் பெரிய சாலையையும் ரயில் பாதையையும் ஆற்றையும் இனத்துக்கு இனம் வேலியாகவே பயன்படுத்தினார்கள். எம் 1-க்குப் பக்கத்தில் என் 2 மாதிரி ஒரு மாற்று வழி இல்லை, அத்தனை பேரும் வேலைக்குப் போக அதையே நம்பியிருக்கிறார்கள். அதனால் அது நெடுஞ்சாலையாகவே இருக்கட்டும், ஆனால் ஒழுங்கான நெடுஞ்சாலையாக: ஆட்கள் வேலியை வெட்டி ஓடுகிற இடங்களிலேயே தரைமட்டத்தில், வெளிச்சத்தோடு, சாலையை மேலே தூக்கிக் கீழே நடக்கிற மாதிரி வழி. செலவு அதிகம்தான். வேலியை வெட்டுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, எங்கே வழி தேவை என்று இலவசமாகக் காட்டிக்கொடுக்கிறார்கள்.

வேறெங்காவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா?

நெதர்லாந்தில் 1990-களிலேயே தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு சாலையும் என்ன வேலைக்கு என்று வரையறுத்து, குடியிருப்புத் தெருவை 30-க்கும், வயல் பக்கத்துச் சின்னச் சாலையை 60-க்கும் மாற்றி, தரையின் தோற்றத்தையே அதற்கேற்ப மாற்றினார்கள். அவர்களுக்கு மிதிவண்டி, நமக்கு டாக்ஸியும் நடையும். அப்படியே தூக்கிவந்து ஒட்ட முடியாது. ஒரு சாலைக்கு ஒரு வேலை என்ற முறை மட்டும் எங்கேயும் பொருந்தும்.

இதெல்லாம் யார் முடிவு செய்வது? பணம் எங்கே?

'என்' (N) என்ற எழுத்தில் தொடங்கும் சாலைகள் தேசிய முகமையான சான்ரலின் பொறுப்பு, ஆர் எண் கொண்டவை பெரும்பாலும் மாகாணத்துடையவை, ஊர்த் தெருக்கள் நகராட்சியுடையவை. ஆர் 102 மாதிரிச் சாலையில் இந்த மூன்று பேருக்கும் நடுவே மனு பந்தாடப்படும், அதற்குத் தயாராகவே போங்கள். நகராட்சிக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் உண்டு, ஆண்டுதோறும் திருத்தப்படும்போது மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள்.

பணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பெயின்ட், பிளாஸ்டிக் கம்பம், சில விளிம்புக்கல், இவற்றை வைத்தே ஒரு சந்திப்பைத் தற்காலிகமாகக் குறுக்கிப் பார்க்கலாம். சரிவரவில்லை என்றால் ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம்.

நான் இப்போது என்ன செய்யலாம்?

உங்களுக்குத் தெரிந்த ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் நின்று, எத்தனை பேர் குறுக்கே கடக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், எந்த இடத்தில் கடக்கிறார்கள், எத்தனை கனரக லாரி போகிறது என்று அரை மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படம். "இந்த இடம் டிஆர்எச் 26-படி எந்த வகுப்பு, அந்த வகுப்புக்கு ஏற்றபடி இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது மாற்றுவீர்கள்?" என்று மூன்றே கேள்வி எழுதி வார்டு கவுன்சிலருக்கும் மாகாணப் போக்குவரத்துத் துறைக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள், இருவருக்கும் அனுப்பியிருப்பதை இரண்டிலும் சொல்லுங்கள். "விபத்து அதிகமாக இருக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் ஒரு வேகத்தடையோடு கோப்பை மூடிவிடுவார்கள்.